கரிசல் காட்டு ரசிகனும் இரண்டு வகைப் படங்களும்

நட்சத்திரப் படம் ஊருக்கு, விருதுப் படம் விழாவுக்கு என்று தமிழ் சினிமாவில் எப்போதோ பாகம் பிரித்துவிட்டார்கள். பிரித்தவர்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவங்களுக்கு அடிதடியும் பாட்டும் இருந்தாப் போதும்" என்பது வியாபாரம் பேசுகிறவர்களின் தீர்ப்பு. "அவர்களை நல்ல சினிமாவுக்குப் பழக்க வேண்டும்" என்பது விமர்சகர்களின் கவலை. இரண்டு பேச்சிலும் ஊர் ரசிகனுக்கு விவரம் போதாது என்பது முன்பே முடிவாகிவிட்டது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரத்தில் வளர்ந்து, ரஜினி படத்துக்கு விசிலடித்து, ‘கூழாங்கல்’ ஓடி முடியும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த எனக்கு இந்தப் பிரிவினை ஒப்பவில்லை. இந்த மானாவாரிப் பூமிக்குச் சினிமா எப்படி வந்தது, பெரிய படங்கள் எதைக் கொடுத்தன, இந்த நிலத்தைச் சொன்ன சின்னப் படங்கள் எப்படி இருந்தன, அவை எந்த வழியாக எங்கள் கண்ணுக்கு வந்து சேர்ந்தன என்று வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ரசனைக் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு திரைக் கோளாறு. எந்தப் படத்தை எந்தத் திரையில் காட்டுவது என்பதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

காதால் பார்த்த சினிமா

எங்கள் பக்கத்து ஆறு குண்டாறு. தண்ணீர் ஓடிப் பார்த்த நாளைவிட மணல் கிடந்து பார்த்த நாளே அதிகம். கண்மாய் பெருகினால் நெல். இல்லாவிட்டால் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி, மிளகாய். அதுவும் இல்லாத இடத்தில் சீமைக்கருவேல், அதை வெட்டிப் போட்டுக் கரிமூட்டம். அருப்புக்கோட்டைக்குள் தறியும் பஞ்சாலையும் மல்லிகைப்பூ வியாபாரமும். கிழக்கே திருச்சுழி போகும் சாலையில் வெயிலுக்கு மறைவு கிடையாது.

1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதிலிருந்து தென்னாட்டில் சுற்றும் சினிமாவின் கதை தொடங்குகிறது. அதன் வாரிசுகள்தான் பின்னாளில் எங்கள் ஊர்களுக்கு வெளியே, பொட்டலில் எழும்பிய டூரிங் டாக்கீஸ்கள். கீற்றுக் கொட்டகை என்பதால் பகலில் இருட்டு வராது. பொழுது சாய்ந்த பிறகுதான் படம், முதல் ஆட்டமும் இரண்டாம் ஆட்டமும் மட்டும். புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. தரை டிக்கெட்டுக்கு மணல். முன்னால் உட்கார்ந்தவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். பின்னால் இருப்பவன் சண்டைக்கு வருவான். படம் தொடங்கப்போகிறது என்று குழாய் ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு கேட்டதும் வயக்காட்டிலிருந்தே நடையைக் கட்டியவர்கள் உண்டு.

கொட்டகைக்குப் போவதற்கு முன்பே படம் பாதி காதுக்குள் வந்துவிடும் என்பது முக்கியம். குழித்தறியில் இரண்டு காலும் மிதியில், இரண்டு கையும் வேலையில். சும்மா இருப்பது காது ஒன்றுதான். தெற்குச் சீமையில் இலங்கை வானொலி நன்றாக எடுக்கும். அகில இந்திய வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள்: படமே இல்லாத படம், வசனமும் பாட்டும் மட்டும். கோயில் கொடையிலும் சடங்கு வீட்டிலும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ வசனத் தட்டுகள் ஒலிபெருக்கியில் ஓடும். கட்டபொம்மன் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லுகிற ஆள் அந்தப் படத்தைக் கண்ணால் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எனவே வசனமும் பாட்டும் மிகுந்த படம் எங்களைக் கெடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும். கைவேலைக்காரர்கள் வாழும் ஊரில், திரையே இல்லாமலும் பிழைக்கக்கூடிய சினிமா செழித்தது. பெரிய படத்தின் பலம் அது. எங்கே வைத்தாலும் ஓடும்.

அருப்புக்கோட்டை உறுப்பினர்

1977 சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்ற தொகுதி அருப்புக்கோட்டை. வென்று, அந்த ஆண்டு ஜூன் 30 அன்று முதலமைச்சரானார். அவருடைய கடைசிக் கதாநாயகப் படமான ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ அதற்கடுத்த பொங்கலுக்கு, 1978 ஜனவரியில் வந்தது. அருப்புக்கோட்டை வாக்காளர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினர் குதிரை ஏறி வாள் சுழற்றுவதைக் கொட்டகையில் கைதட்டிப் பார்த்தார்கள். இந்த வாய்ப்பு உலகத்தில் எத்தனை தொகுதிகளுக்குக் கிடைத்திருக்கும்!

இந்தக் கைதட்டலை ஆராய்ந்தவர்கள் இருவரைச் சொல்ல வேண்டும். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூலில், எம்.ஜி.ஆரின் திரை உருவம் ஏழைகளின் ஆசைகளிலிருந்து எப்படிக் கட்டப்பட்டது, அதே உருவம் அவர்களுக்குப் பெரிதாக எதையும் தராத ஆட்சிக்கு எப்படி அவர்களையே முட்டுக்கொடுக்க வைத்தது என்று காட்டினார். அமெரிக்க மானுடவியலாளர் சாரா டிக்கி 1980களில் மதுரையில் தங்கி, நகர்ப்புற ஏழைகளிடமும் ரசிகர் மன்றத்தாரிடமும் பேசி 1993இல் ஒரு நூல் எழுதினார். பாண்டியன் பொறியைப் பார்த்தார். டிக்கி அதற்குள் இருந்தவர்களின் சந்தோஷத்தையும் பார்த்தார்.

இரண்டும் உண்மை. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அருப்புக்கோட்டை அடங்கிய விருதுநகர் தொகுதியில் நடிகை ராதிகா பா.ஜ.க. சார்பில் நின்றார், மறைந்த விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன் தே.மு.தி.க. சார்பில் நின்றார். காங்கிரஸின் மாணிக்கம் தாகூர்தான் வென்றார். விஜய பிரபாகரன் நூலிழையில் தோற்றார், ராதிகா வெகுதூரம் பின்தங்கினார். திரையில் பார்த்த முகத்துக்கெல்லாம் ஓட்டுப் போடுகிற கூட்டம் என்று இந்த ஊரைச் சொல்லிவிட முடியாது. ரசிகன் கைதட்டுவதற்கும் கைநாட்டு வைப்பதற்கும் நடுவில் யோசிக்கிறவன்தான்.

பெரிய படம் கொடுத்தது

திருச்சுழிக்கு வெளியில் பெருமை தந்தவர் ரமணர். 1879இல் அங்கே பிறந்தவர். ஆன்மாவை விளக்க அவர் சினிமாத் திரையை உவமை சொல்வதுண்டு: படத்தில் தீப்பிடித்தால் திரை எரிவதில்லை, வெள்ளம் வந்தால் திரை நனைவதில்லை, படங்கள் வந்து போகும், திரை அப்படியே இருக்கும். அவர் பிறந்த ஊர்க்காரர்கள் சினிமாவை அப்படிப் பார்த்ததே இல்லை. தீயும் எங்களைச் சுட்டது, வெள்ளமும் நனைத்தது.

‘பாட்ஷா’வை (1995) எடுத்துக்கொள்வோம். ஆட்டோக்கார மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை; சிரித்தபடி வாங்கிக்கொள்கிறார். அரங்கு கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கும். பின்னால் தங்கைக்கு ஆபத்து வரும்போது அந்த அடக்கம் உடைகிறது. அப்போது விழும் விசிலில் வசனம் காதில் விழாது. எல்லோரும் அந்த உடைப்பைத்தான் மாஸ் என்கிறார்கள். என்னைக் கேட்டால் அடி வாங்கும் காட்சிதான் படம். வட்டிக்காரன் முன்னாலும் முதலாளி முன்னாலும் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டுக் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு, ‘இவன் முடியாமல் பொறுக்கவில்லை, முடிந்தும் பொறுக்கிறான்’ என்று ஒரு கதை சொன்னது. அன்றாடப் பொறுமைக்கு ஒரு கௌரவம் கிடைத்தது.

கணக்கில் மறுபக்கமும் உண்டு. பெரிய படங்களுக்கு எங்கள் நிலம் பெரும்பாலும் அரிவாள் பளபளக்கும் பின்புலம். 2005இல் ‘திருப்பாச்சி’ பொங்கலுக்கும் ‘சிவகாசி’ தீபாவளிக்கும் வந்தன. ஊர்ப் பெயர் தலைப்பில் இருந்தது, ஊர் படத்தில் இல்லை. சிவகாசி எங்களுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சாபீசும். சினிமாச் சுவரொட்டியே அங்கேதான் அச்சாகி வரும். படத்தில் அது ஒரு கதாநாயகனின் கோபத்துக்குப் பெயர்.

இதைவிடக் கனமான எடுத்துக்காட்டு ‘தேவர் மகன்’ (1992). கமல்ஹாசன் எழுத, பரதன் இயக்கிய அந்தப் படம் அரிவாளைக் கீழே போடச் சொல்லி முடிகிறது. சிவாஜியும் கமலும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகளுக்கு நிகராகத் தமிழில் கொஞ்சம்தான் இருக்கின்றன. ஆனால் தென் மாவட்டத் தெருக்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது சாதிப் பெருமைக்கு ஒரு பாட்டை. படம் முடிவில் சொன்ன புத்தியை ஒலிபெருக்கி எங்கேயும் போட்டுக்காட்டவில்லை. காதுவழிச் சினிமாவுக்கு இந்த ஆபத்து உண்டு: பாட்டு கதையிலிருந்து கழன்று தனியாகப் போய்விடும். முப்பது ஆண்டு கழித்து 2023இல் மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ அந்தப் படத்தோடு நேருக்கு நேர் வாதாடியது. நாற்காலியில் உட்காரச் சொல்லப்படாத சட்டமன்ற உறுப்பினராக வடிவேலு நின்றபோது, அவரைப் பார்த்தாலே சிரித்துப் பழகிய அரங்கு சிரிக்காமல் இருந்தது. பெரிய படமும் பார்வையாளரை மாற்ற முடியும் என்பதற்கு அதைச் சொல்வேன்.

‘வெயில்’: எங்கள் கண்ணாடி

விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006 டிசம்பரில் ‘வெயில்’ கொண்டுவந்தார். தயாரித்தவர் பிரம்மாண்டத்துக்குப் பேர்போன ஷங்கர். ஜி.வி. பிரகாஷ் குமாருக்கு முதல் படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது, கான் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது. பாட்டு இருந்தது, சண்டை இருந்தது, தெரிந்த நடிகர்கள் இருந்தார்கள்; வியாபாரமும் ஆனது. இதை எந்தப் பாகத்தில் வைப்பது?

பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போன மகனை அப்பன் துணியை உருவி, கட்டி, உச்சி வெயிலில் போடுகிறான். அவமானம் தாங்காமல் வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடிய சிறுவன் முருகேசன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு ஓர் ஊர்த் தியேட்டரில் ஒதுங்குகிறான். அங்கேயே வளர்ந்து ஆபரேட்டராகிறான். காதலி கண் முன்னால் சாகிறாள். தியேட்டரும் மூடப்படுகிறது. இருபது ஆண்டு கழித்து ஒன்றுமில்லாதவனாக வீடு திரும்புகிறான்.

இத்தாலியப் படமான ‘சினிமா பாரடைசோ’வை (1988) பலர் இதற்குப் பக்கத்தில் வைப்பார்கள். அங்கேயும் ஒரு சிறுவன், ஒரு புரொஜெக்டர் அறை, இடிபடும் தியேட்டர். ஆனால் அந்தச் சிறுவன் ரோமுக்குப் போய்ப் பேர்பெற்ற இயக்குநராகிறான். சினிமா அவனைக் கரையேற்றுகிறது. முருகேசனைச் சினிமா கரையேற்றவில்லை. சினிமாப் பைத்தியத்தால் படிப்பை விட்டு, ஊரை விட்டு, திரும்பி வந்து தம்பி வீட்டுத் திண்ணையில் முடங்கிய ஆட்கள் எங்கள் தெருக்களில் உண்டு. சினிமாவைக் கொண்டாடும் படத்துக்கு நடுவே சினிமா ஒருவனை என்ன செய்யும் என்றும் சொன்ன துணிச்சல் அதில் இருந்தது. முருகேசனாக வரும் பசுபதி வீட்டுக்குள் நுழையும்போது எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் தோளைக் குறுக்கிக்கொள்வார். அந்தத் தோளுக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அமீரின் ‘பருத்திவீரன்’ (2007), சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008) இரண்டும் வந்தன. ஒன்றில் புதுமுகக் கதாநாயகன்; இன்னொன்றில் பெரிய நட்சத்திரம் யாருமே இல்லை. கொடூரமான முடிவுகள். இரண்டும் நன்றாக ஓடின. ‘சுப்ரமணியபுரம்’ படத்தில் ‘முரட்டுக்காளை’ வெளியான நாளின் தியேட்டர் ஆரவாரத்தை எடுத்துவைத்தபோது, எங்கள் ஆரவாரத்தை நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். பிறகு வந்தவர்கள் தாடி, லுங்கி, முதுகுக்குப் பின்னால் கத்தி என்று மேல்தோலை மட்டும் நகலெடுத்தார்கள், சீக்கிரமே சலித்தது. சலித்தபோது ஊர்தான் முதலில் கைவிட்டது.

பூமணியின் இரண்டு கதைகள்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் எழுத்தாளர் பூமணியை வைத்து இந்தக் கேள்வியை ஒரு சோதனைபோலப் பார்க்கலாம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில் 1990களில் அவரே ‘கருவேலம் பூக்கள்’ எடுத்தார். நாசர், ராதிகா நடித்தார்கள். விடிவதற்கு முன் வண்டி வந்து நிற்க, தூக்கக் கலக்கத்தோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளின் கதை. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தின் மிகப் பெரிய வெட்கம் அது. அதே காலத்தையொட்டி, 1990இல், சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்திருந்தார். இரண்டும் எங்கள் பிள்ளைகளைப் பற்றியவை. இரண்டையும் எங்கள் கொட்டகை காட்டவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலை அம்ஷன் குமார் ‘ஒருத்தி’ (2003) என்று எடுத்தார். அதற்கும் இதே கதிதான்.

அதே பூமணியின் ‘வெக்கை’ நாவல் (1982) 2019இல் வெற்றிமாறன் கையில் ‘அசுரன்’ ஆனது. கொட்டகை நிரம்பி வழிந்தது. தனுஷுக்குத் தேசிய விருதும் வந்தது. நாவல், கொலை செய்துவிட்டு அப்பனோடு காட்டில் ஒளிந்து திரியும் சிறுவனின் கதை. காடு, பசி, வெக்கை, நடுநடுவே அப்பன் பேசுவது, அவ்வளவுதான். படம் நடுப்புள்ளியை அப்பன் சிவசாமியிடம் மாற்றியது. காலில் விழுகிற, குனிந்து போகிற, மகனே மதிக்காத அப்பன். இடைவேளைக்கு முன் மகன் உயிருக்கு ஆபத்து வரும்போது அந்த அடக்கம் உடைகிறது. ‘பாட்ஷா’வின் அதே கட்டுமானம்தான். ஆனால் இங்கே அடக்கத்துக்கும் வெடிப்புக்கும் பின்னால் நிலமும் சாதியும் கோர்ட்டும் இருக்கின்றன.

நாவலின் அமைதி போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்த உடைப்பில் என் கை தானாகத் தட்டியது, அதற்காக வெட்கப்படவில்லை. கருவேலங்காடும் பஞ்சமி நிலமும் பேச்சுமொழியும் இருப்பதால் ஊர் விலகிப்போய்விடவில்லை. கொட்டகைக்கு வந்தது, பார்த்தார்கள். ‘கருவேலம் பூக்கள்’ வரவே இல்லை. பார்க்கவில்லை என்று யாரைக் குற்றம் சொல்வது?

ஒரு வழக்கம், மூன்று படங்கள்

எங்கள் மாவட்டத்தின் பெயர் வெளியில் கெட்ட வழக்கங்களில் ஒன்று தலைக்கூத்தல். படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் மேல் இளநீராகக் கொடுத்து, உடம்பு குளிர்ந்து காய்ச்சல் கண்டு போகும்படி செய்வது. 2010இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து செய்தியாக வந்தபோது நாடு அதிர்ந்தது. ஊருக்கு அது புதிய செய்தியாக இல்லை.

இதை வைத்து மூன்று படங்கள். மதுமிதாவின் ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ (2019): மயக்கத்திலிருந்து விழித்த கிழவர், வீட்டார் நாள் குறிப்பதைக் கேட்டுவிட்டு ஓடிவிடுகிறார், வழியில் ஒரு சுட்டிப் பையன் கூட்டுச் சேருகிறான். மு. ராமசாமி பிரியாணியை ரசித்துத் தின்னும் அழகைப் பார்த்தால் சாவுக்கே பசி எடுக்கும். பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’, தேசிய விருது பெற்று 2020இல் திரைக்கு வந்தது: இரவுக் காவலாளி ஒருவருக்கு விபத்தில் இடுப்பொடிகிறது; மகன் வீட்டுக்குத் தூக்கிப்போகிறான்; பிறகு அவர் இல்லை. மருமகன் கேள்வி கேட்கிறான், ஊர் நெளிகிறது. ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘தலைக்கூத்தல்’ (2023): அப்பனை விடமாட்டேன் என்கிற மகன், கடனும் மாமனார் வீட்டு நெருக்கடியும், படுக்கையில் கிடக்கும் கிழவருக்குள் ஓடும் இளமைக் காதல். சமுத்திரக்கனி அடக்கி நடித்தார்.

ஒரு ரசிகனாக என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். மனதுக்குப் பிடித்தது ‘கே.டி.’, நெஞ்சை அறுத்தது ‘பாரம்’, நியாயமாகப் பேசியது ‘தலைக்கூத்தல்’. முதலாவது, தப்பித்தல் சாத்தியம் என்ற ஆறுதலைக் கொடுத்துவிட்டு, கொல்லத் துணிந்த வீட்டை அதிகம் விசாரிக்காமல் விட்டுவிடுகிறது. ‘பாரம்’ வீட்டை விசாரிக்கிறது. ஆனால் கொஞ்சம் வழக்கறிஞர்போல. மூன்றாவது படம்தான், மருத்துவச் செலவுக்கும் கவனிக்க ஆளுக்கும் வழியில்லாத வீட்டில் அன்பும் கொலையும் ஒரே கூரையின் கீழ் எப்படி இருக்கின்றன என்று காட்டுகிறது. விவசாயம் போய், பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன ஊரில், பெரியவர்களை யார் தூக்கி உட்காரவைப்பது என்பது எங்களுக்கு நாள்தோறும் வருகிற கேள்வி. இந்த மூன்றையும் எங்கள் வீட்டுப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பார்த்திருந்தால் படம் முடிந்தபின் பேச்சு எங்கே போயிருக்கும் என்று யோசிக்கிறேன். மூன்றையும் நான் கைப்பேசியில்தான் பார்த்தேன், தனியாக.

நடை, தாகம், மௌனம்

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போனது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி நிலம். 75 நிமிடம். குடிகார அப்பன், கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைக் கூப்பிட்டுவர, பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது பையன் ரூபாய் நோட்டைக் கிழித்துவிட, இருவரும் வெயிலில் நடக்கிறார்கள். இயக்குநரின் அக்காவுக்கு நடந்ததுதான் கதையின் விதை. கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடக்கவிடப்பட்டவர் அவர்.

பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்வான். வீட்டில் அப்படிச் சேர்ந்த கற்கள் ஒரு குவியலாக இருக்கும். இது முதல் நடை இல்லை என்பதை வசனமே இல்லாமல் சொன்ன இடம் அது. கடைசியில் பெண்கள் ஊற்றுக்குழியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி கலங்காமல் மொண்டு மொண்டு குடத்தில் விடுகிறாள், ஊறும்வரை நிறுத்துகிறாள், மறுபடியும் மொள்ளுகிறாள். காமிரா அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வெளியூர் விமர்சகர்கள் இதை நீளமான ஷாட் என்று எழுதினார்கள். குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் காத்திருந்தவர்களுக்கு அது நீளமில்லை. தண்ணீர் ஊறுகிற நேரம் அவ்வளவுதான். சிறுவன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்து ஊருக்கு ஓடும் கியாரோஸ்தமியின் ஈரானியப் படத்தை (1987) இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கே மேடேறும் வளைவுப் பாதை கண்ணுக்கு அழகு. இங்கே தரை அழகாகக்கூட இல்லை, சுடுகிறது.

வினோத்ராஜின் அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லினில் காட்டப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று திரைக்கு வந்தது. சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரி, அன்னா பென். பின்னணி இசை கிடையாது. வேற்றுச் சாதிப் பையனை விரும்பிவிட்ட பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். கூடவே ஒரு சேவல். அவள் வாய் திறப்பதே அரிது. முறைமாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஆனால் கத்துவதை நிறுத்துவதில்லை. அன்றைக்கே மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. பாட்டும் கண்ணீரும் கொண்ட ‘வாழை’ நின்று ஓடியது. ‘கொட்டுக்காளி’ விரைவில் இறங்கியது. இந்த மாதிரிப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரையுலகத்துக்குள்ளேயே பேசினார்கள்.

‘வாழை’ எனக்கும் பிடித்த படம். இருந்தாலும் அந்தப் பேச்சைத்தான் இந்தக் கட்டுரை மறுக்கிறது.

எந்தப் படம் எந்தத் திரையில்

‘பாட்ஷா’வைக் கைப்பேசியில் பார்க்கலாம். பஸ்ஸில் பார்க்கலாம், டீக்கடை டிவியில் பாதியிலிருந்து பார்க்கலாம், பார்க்காமல் காதால் கேட்கவும் செய்யலாம், ஒன்றும் குறையாது. தறி மேட்டில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த சினிமாவுக்கு எந்தத் திரையும் போதும். ‘கூழாங்கல்’ அப்படியில்லை. 2021இல் விருது வாங்கிய படம் எங்கள் கைக்கு 2023 அக்டோபரில் சோனி லிவ் வழியாக வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலத் திரையில் அந்தப் பொட்டல் வெளி தெரியாது. நடுவில் ஒரு போன் வந்தால் நடை அறுந்துவிடும். பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் மௌனம் இருக்காது. பின்னணி இசை இல்லாத படத்துக்கு அரங்கின் அமைதிதான் இசை. அது வீட்டில் கிடைக்காது.

ஆக, இருட்டும் அகலத் திரையும் கட்டாயம் வேண்டிய படத்தைக் கைப்பேசிக்குத் தள்ளிவிட்டு, எங்கேயும் பிழைக்கும் படத்துக்கு எல்லாத் திரையையும் கொடுக்கிறோம். வியாபாரக் கணக்கில் இது சரியாக இருக்கலாம். ரசனைக் கணக்கில் இது சோதனையே நடத்தாமல் எழுதிய முடிவு. சின்னப் படத்துக்கு மதுரையில் ஒரு பகல் காட்சி கிடைத்தாலே பெரிது, திங்கள்கிழமைக்குள் எடுத்துவிடுவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து 50 கிலோமீட்டர் பஸ் பிடித்துப் போவதற்குள் அந்தக் காட்சி இருக்காது. அன்றாடக் கூலிக்காரருக்கு அது ஒரு நாள் கூலி. பெண்களுக்கு அதற்கும் வழியில்லை.

எதிர்வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சின்னப் படங்கள் எல்லாமே நல்ல படங்கள் இல்லை. வறுமையைக் காட்டினாலே விருது வரும் என்று, எங்கள் வெயிலை வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பதற்கென்று எடுத்தவையும் உண்டு. பெரிய படம் ஊரை அரிவாளாக்கியதுபோல இவை ஊரை ஒப்பாரியாக்குகின்றன. மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) அந்தக் குழியில் விழாமல் தப்பியது. மயிலைக் கொன்றதாகப் பழி சுமந்த மாயாண்டி, நீதிபதி முன்னால் தன் வழக்கைவிடச் சாமிக்கென்று போட்ட பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லையே என்று தவிக்கிறார். பயிரைப் பார்த்துக்கொள்ளப் போலீஸ்காரரே அனுப்பப்படுகிறார். சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. மாயாண்டியாக வந்த நல்லாண்டி உண்மையிலேயே விவசாயி. படம் வெளிவருமுன் காலமாகிவிட்டார். அதே மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015) திரையரங்கில் லாபம் பார்த்தது. திரை கொடுத்தால் ஓடக்கூடிய சின்னப் படம் இருக்கிறது என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

கேரளத்தில் அரசே கைரளி, ஸ்ரீ என்ற பெயர்களில் தியேட்டர்கள் நடத்துகிறது. 2024இல் ஓர் ஓடிடி தளத்தையும் தொடங்கியது. நம் பக்கம் அப்படி ஒரு தியேட்டர் வரிசை உருவாகவில்லை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச) போன்ற அமைப்புகள் சிற்றூர்களில் திரை கட்டி உலகப் படங்களைக் காட்டியிருக்கின்றன. தரையில் உட்கார்ந்து, வேற்றுமொழிப் படத்தையும் விடாமல் பார்த்த கூட்டம் அங்கே வந்தது. ஆள் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. இல்லாதது காட்சி நேரம்.

பெரிய செலவில்லாத ஒன்றைக் கேட்கிறேன். வாரநாளில் காலியாக ஓடும் தியேட்டர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சி ஒன்றை, தறிக்காரரும் மில்காரரும் வேலை முடித்து வரக்கூடிய நேரத்தில், குறைந்த டிக்கெட்டில் சின்னப் படத்துக்கு ஒதுக்கலாம். சிறிய முதலீட்டுப் படங்களுக்கு அரசு மானியம் தருகிறது. எடுப்பதற்குத் தருவதைப்போலக் காட்டுவதற்கும் ஒரு பங்கு தரலாம். ‘கருவேலம் பூக்கள்’, ‘பாரம்’, ‘கூழாங்கல்’ என்று ஓர் ஆண்டு முழுக்கப் போடட்டும். முதல் மாதம் வருகிறவர்கள் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்; ‘பாட்ஷா’வுக்குக் கைதட்டக் கற்றுக்கொள்ளவே எங்களுக்கு எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து அவகாசம் கிடைத்திருக்கிறது. ஆண்டு முடிவிலும் தியேட்டர் காலியாக இருந்தால், ஊருக்குச் சின்னப் படம் பிடிக்காது என்பதை நானே எழுதித் தருகிறேன். அதற்கு முன் அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் தங்கள் வியாபார அச்சத்தை எங்கள் ரசனையின் பெயரில் எழுதிவைக்கிறார்கள்.